மாசம் 3,000 ரூபாய், கையில் 35 வருஷம்: சீக்கிரம் ஆரம்பிக்கிறதுல அப்படி என்ன இருக்கு?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

கிரெடிட் கார்டு எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "சம்பளம் 28,000. பிஜி வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் போக மூணாயிரம்தான் மிஞ்சுது. இதை வெச்சு என்னத்த முதலீடு பண்றது? சம்பளம் ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாமா?"

இன்னொரு கேள்வி, புதுசா அப்பா அம்மா ஆனவங்க கேட்டது. "குழந்தைக்கு ஆறு மாசம். அது பேர்ல எதுல போட்டா நல்லது?"

ரெண்டு கேள்விக்கும் அடியில இருக்கிறது காலம்தான். அதனால ரெண்டையும் இந்த ஒரே எபிசோடுல பார்த்துடலாம்.

அதுக்கு முன்னாடி, இது ஏன் நமக்கு முக்கியம்னு ஒரு நிமிஷம். நம்மில் நிறைய பேரோட அப்பா அம்மாவுக்கு பென்ஷன் கிடையாது. அவங்க சம்பாதிச்சது வீடு கட்டவும், நகை வாங்கவும், நம்மைப் படிக்க வைக்கவும் போயிடுச்சு. அதனால அவங்களோட பென்ஷன் யாரு? நாமதான். அதை யாரும் குறையா சொல்லல, சந்தோஷமாத்தான் செய்யறோம். ஆனா நாளைக்கு நம்ம பிள்ளைங்க அவங்க முதல் சம்பளத்துல நமக்கு அனுப்ப வேண்டி வருமா, வேண்டாமா? அதை முடிவு பண்றது பெரும்பாலும் நம்ம இருபதுகள்ல நாம செய்யற சின்னச் சின்ன வேலைகள்தான்.

முதல்ல கணக்கு

கூட்டு வட்டியைப் புரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. 72-ஐ வட்டி விகிதத்தால வகுங்க. பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும்னு சுமாரா கிடைச்சிடும். 6 சதவீதம்னா 12 வருஷம். 8 சதவீதம்னா 9 வருஷம். 12 சதவீதம்னா 6 வருஷம்.

இப்ப ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ஒருத்தங்க 23 வயசுல மாசம் 3,000 ரூபாய் போட ஆரம்பிக்கறாங்க. இன்னொருத்தர் 33 வயசுல அதே 3,000. ரெண்டு பேரும் 58 வயசு வரைக்கும் போடறாங்க. வருஷத்துக்கு 10 சதவீதம் வளருதுன்னு வெச்சுக்குவோம். இது கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண், யாரும் தர்ற உத்தரவாதம் இல்ல.

23-ல ஆரம்பிச்சவங்க மொத்தம் போட்டது 12 லட்சத்து 60 ஆயிரம். கையில சேர்றது சுமார் 1 கோடியே 14 லட்சம். 33-ல ஆரம்பிச்சவர் போட்டது 9 லட்சம். அவருக்குச் சேர்றது சுமார் 40 லட்சம்.

போட்ட பணத்துல வித்தியாசம் 3 லட்சத்து 60 ஆயிரம்தான். சேர்ந்ததுல வித்தியாசம் 74 லட்சம். ரெண்டாமவர் அந்த 1.14 கோடியை எட்டணும்னா மாசம் 8,600 ரூபாய் போட வேண்டியிருக்கும். அதுவும் எப்போ? 33 வயசுல. கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் இஎம்ஐ எல்லாம் வரிசைகட்டி நிக்கற நேரத்துல.

"சம்பளம் ஏறினதும் ஆரம்பிக்கறேன்"னு சொல்றதுல இருக்கற சிக்கல் இதுதான். சம்பளம் ஏறும். கூடவே செலவும் ஏறும். போன பத்து வருஷம் மட்டும் திரும்பி வராது.

ஒரு கோடி பெரிய தொகையா?

இந்த மாதிரி கணக்கை ரீல்ஸ்ல நிறைய பார்த்திருப்பீங்க. "மாசம் இவ்வளவு போட்டா கோடீஸ்வரர்"னு முடிச்சிடுவாங்க. அடுத்த வரியைச் சொல்ல மாட்டாங்க. அதை நாம சொல்லுவோம்.

விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. 35 வருஷம் கழிச்சு கையில வர்ற 1.14 கோடியோட இன்றைய மதிப்பு ஏறத்தாழ 15 லட்சம். அவ்வளவுதான். கேட்டதும் காத்து இறங்கின மாதிரி இருக்கும். ஆனா உண்மை அதுதான்.

இதுல இருந்து ரெண்டு பாடம் எடுத்துக்கலாம். ஒண்ணு, பணத்தை சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே தூங்க விட்டா நிலைமை இதைவிட மோசம். அங்க கிடைக்கிற வட்டி விலைவாசியைத் துரத்திப் பிடிக்காது. ரெண்டாவது, 3,000-ல ஆரம்பிக்கலாம், ஆனா 3,000-லயே நிக்கக் கூடாது. வருஷா வருஷம் சம்பளம் ஏறும்போது அந்தத் தொகையையும் 5 சதவீதம் ஏத்திக்கிட்டே போங்க. முதல் வருஷம் 3,000, அடுத்த வருஷம் 3,150. இவ்வளவுதான் ஏத்தறது. அதுக்கே கடைசியில சேர்றது 1.14 கோடியில இருந்து சுமார் 1 கோடியே 87 லட்சமா மாறிடும்.

இதை ஞாபகம் வெச்சு வருஷா வருஷம் கையால செய்ய முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் ஆப்கள்ல 'ஸ்டெப்-அப்'னு ஒரு வசதி இருக்கும். ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும்.

போடறதுக்கு முன்னாடி மூணு வேலை

ஆர்வத்துல நேரா ஃபண்டுக்குப் போயிடாதீங்க. வரிசை முக்கியம்.

முதல்ல, அதிக வட்டிக் கடன். கிரெடிட் கார்டுல பாக்கி வெச்சா மாசத்துக்கு 3-ல இருந்து 3.75 சதவீதம் வரை வட்டி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 36 சதவீதத்துக்கு மேல. எந்த முதலீடும் அந்த வேகத்துல உங்களுக்குச் சம்பாதிச்சுத் தராது. லோன் ஆப் கடனுக்கும் இதே கதைதான். அதை அடைக்கிறதுதான் உங்க முதல் முதலீடு.

ரெண்டாவது, அவசரப் பணம். மூணு மாசச் செலவுக்கான தொகையாவது தனியா இருக்கணும். வேலை போனாலோ, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போனாலோ எடுக்கறதுக்கு. ஆர்டி, எஃப்டி போதும், பெரிய புத்திசாலித்தனம் எல்லாம் தேவையில்ல. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு இருக்கு.

மூணாவது, மருத்துவக் காப்பீடு. கம்பெனி தர்றது இருக்கேன்னு நினைப்போம். வேலை போனா அதுவும் போயிடும். இருபதுகள்ல பிரீமியம் குறைவு. அப்பா அம்மாவுக்கும் ஒரு பாலிசி போட முடியுமான்னு பாருங்க. ஏன்னா நம்ம குடும்பங்கள்ல சேமிப்பு கரையறது பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லுலதான்.

சரி, எங்க போடறது?

நீண்ட காலத்துக்கு, சுலபமா புரியற ஒரு வழி இண்டெக்ஸ் ஃபண்ட். நிஃப்டி 50-னு கேள்விப்பட்டிருப்பீங்க. தேசியப் பங்குச் சந்தையில இருக்கற பெரிய 50 கம்பெனிகளோட பட்டியல். அந்த 50 கம்பெனிகளையும் அதே விகிதத்துல வாங்கி வெச்சுக்கற ஃபண்டுதான் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும்னு யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்ல. மாசம் 500 ரூபாய்க்கே எஸ்ஐபி போடலாம்.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஒரே ஃபண்டுக்கு ரெண்டு வடிவம் இருக்கும்: டைரக்ட், ரெகுலர். 2013 ஜனவரியில இருந்து எல்லா ஃபண்டுலயும் டைரக்ட் பிளான் இருக்கணும்னு செபி சொல்லிடுச்சு. ரெகுலர்ல விற்கறவருக்குக் கமிஷன் போகும், அது உங்க பணத்துல இருந்துதான் போகும். ஒரு சதவீதம்தானேன்னு தோணும். மேல பார்த்த அதே 3,000 ரூபாய் கணக்குல 10 சதவீதத்துக்குப் பதிலா 9 சதவீதம் போட்டுப் பாருங்க. 1.14 கோடி 88 லட்சமா குறைஞ்சிடும். அந்த ஒரு சதவீதத்தோட விலை 25 லட்சத்துக்கு மேல. நல்ல ஆலோசகர் கூட இருந்து வழிகாட்டினா அவருக்குக் காசு கொடுக்கறது தப்பே இல்ல. எவ்வளவு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், பங்குச் சந்தைன்னதும் ஆப்ஷன்ஸ் டிரேடிங்குக்குப் போறவங்க. டெலிகிராம் குரூப்ல ஒருத்தர் தினமும் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட் போடுவார். செபி 2024-ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ டிரேடிங் பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. நூறு பேர்ல 93 பேர் தோக்கற ஆட்டத்துக்கு முதலீடுன்னு பேர் வைக்க வேண்டாம்.

விழும்போது என்ன பண்றது?

சந்தை விழுமான்னு கேட்டா, கண்டிப்பா விழும். 2008 ஜனவரியில சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல 8,500-க்குப் பக்கத்துல வந்துடுச்சு. ஒரு லட்சம் போட்டிருந்தா 40,000 ஆன கதை. அந்தப் பழைய உச்சத்தை 2010 நவம்பர்ல ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு மறுபடி இறங்கி, நிலையா தாண்டறதுக்கு 2013 கடைசி ஆயிடுச்சு. 2020-ல கொரோனா வந்தப்போ ஜனவரியில 42,000-க்குப் பக்கத்துல இருந்தது, மார்ச் 23-ம் தேதி 26,000-க்குக் கீழ.

அதனால ஒரு விதி வெச்சுக்கோங்க. அடுத்த அஞ்சு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணம் பங்குச் சந்தைக்குப் போகக் கூடாது. தங்கச்சி கல்யாணம், பைக், மேல்படிப்பு ஃபீஸ் இதெல்லாம் ஆர்டியிலயோ எஃப்டியிலயோ இருக்கட்டும். 58 வயசுக்கான பணம் நடுவுல விழுந்தா பயப்பட வேண்டாம். விழும்போது அதே 3,000-க்கு அதிக யூனிட் கிடைக்கும். இருபதுகள்ல இருக்கறவங்களுக்குச் சந்தை விழறது ஆடித் தள்ளுபடி மாதிரி. கஷ்டம் என்னன்னா, அந்த நேரத்துல டிவியில வர்ற செய்தியைப் பார்த்தா அப்படித் தோணாது. எஸ்ஐபியை நிறுத்தாம இருக்கறதுதான் அப்போ நீங்க செய்ய வேண்டிய ஒரே வேலை.

கையில இருக்கறதை உடைக்காதீங்க

நீங்க ஏற்கெனவே முதலீடு பண்ணிட்டிருக்கலாம், தெரியாமலே. பே ஸ்லிப்பைப் பாருங்க. பிஎஃப் பிடிக்கறாங்களா? அடிப்படைச் சம்பளத்துல உங்க பங்கு 12 சதவீதம், கம்பெனியும் தன் பங்குக்குப் போடுது. 2023-24-க்கான வட்டி 8.25 சதவீதம், அடுத்த வருஷமும் அதேதான்.

ஆனா முதல் கம்பெனியை விட்டு மாறும்போது நிறைய பேர் என்ன பண்றாங்க? "ஒரு லட்சம் இருக்கு, எடுத்து ஐபோன் வாங்கிடலாம்." 23 வயசுல எடுக்கற அந்த ஒரு லட்சம், இதே வட்டி நீடிச்சா, 58 வயசுல சுமார் 16 லட்சம். அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வரியும் உண்டு. புது கம்பெனியில அதே யூஏஎன் நம்பரைக் கொடுத்து மாத்திக்கோங்க.

இப்போ குழந்தைக்கு வருவோம்

குழந்தை பேர்ல முதலீடுன்னதும் முதல்ல வீட்டுக்கு வர்றது இன்ஷூரன்ஸ் பாலிசி. பெரும்பாலும் தெரிஞ்சவங்க யாராவது எடுத்துட்டு வருவாங்க. மறுக்கவும் முடியாது. ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வருமானம்?" மொத்தம் எவ்வளவு வரும்னு சொல்லுவாங்க, சதவீதம் சொல்ல மாட்டாங்க. சேமிப்பும் காப்பீடும் கலந்த என்டோமென்ட் வகை பாலிசிகள்ல பொதுவா 5, 6 சதவீதம் கிடைச்சாலே அதிகம். குழந்தைக்கு உண்மையில தேவைப்படற காப்பீடு, சம்பாதிக்கற அப்பா அம்மா பேர்ல இருக்கற டெர்ம் இன்ஷூரன்ஸ்.

பெண் குழந்தையா இருந்தா செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-ல வந்தது. 10 வயசுக்குள்ள அஞ்சலகத்துலயோ வங்கியிலயோ ஆரம்பிக்கணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருஷம் கட்டினா போதும், 21-வது வருஷம் முதிர்வடையும். வட்டி 2024 ஜனவரியில 8.2 சதவீதம் ஆச்சு, 2025-லயும் அதுதான். வட்டிக்கு வரி கிடையாது. 18 வயசானா மேல்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம்.

பையனா இருந்தா பிபிஎஃப். 15 வருஷம், 2020 ஏப்ரல்ல இருந்து 7.1 சதவீதம். ஒண்ணு கவனிங்க: உங்க பிபிஎஃப், உங்களைக் கார்டியனா போட்ட குழந்தையோட பிபிஎஃப் ரெண்டும் சேர்த்துத்தான் வருஷத்துக்கு 1.5 லட்சம் வரம்பு.

இதெல்லாம் பாதுகாப்பான பகுதி. ஆனா படிப்புச் செலவு எவ்வளவு வேகமா ஏறும்? 8 சதவீதம்னு வெச்சுக்கிட்டாலும், 72 கணக்குப்படி 9 வருஷத்துல இரட்டிப்பு, 18 வருஷத்துல நாலு மடங்கு. இன்னிக்கு 10 லட்சம் ஆகற படிப்பு அப்போ 40 லட்சம். அதனால 15, 18 வருஷம் கையில இருக்கும்போது ஒரு பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டுல வைக்கறதுல அர்த்தம் இருக்கு. பிறந்ததுல இருந்து 18 வயசு வரை மாசம் 1,000 ரூபாய், 10 சதவீத வளர்ச்சின்னா, போட்ட 2 லட்சத்து 16 ஆயிரம் சுமார் 6 லட்சம் ஆகும். பணம் தேவைப்படறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து டெபாசிட்டுக்கு மாத்திடுங்க. பிளஸ் டூ ரிசல்ட் வர்ற வருஷம்தான் சந்தை விழணும்னு இருந்தா, அது நம்மகிட்ட கேட்டுட்டு விழாது.

ஃபண்டைக் குழந்தை பேர்லயே போடலாமா? போடலாம், நீங்க கார்டியன். ஆனா 18 வயசு ஆன அன்னிக்கு அந்த ஃபோலியோ உறைஞ்சிடும். பிள்ளைக்கு பான் கார்டு, கேஒய்சி, வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்து மேஜரா மாத்தின பிறகுதான் எடுக்க முடியும். அதுக்கு அப்புறம் சட்டப்படி அது அவங்க பணம். காலேஜ் ஃபீஸுக்குன்னு நீங்க சேர்த்ததை அவங்க பைக்குக்கு எடுத்தா தடுக்க முடியாது. அதுவரைக்கும் வர்ற வருமானமும் பெரும்பாலும் பெற்றோர்ல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குலதான் வரிக்குச் சேரும். அதனால வரி மிச்சம் ஆகும்னு நினைச்சுப் போடாதீங்க. உங்க பேர்லயே தனியா ஒரு ஃபோலியோ தொடங்கி, 'இது படிப்புக்கு'ன்னு ஒதுக்கி வெச்சாலும் அதே வேலை நடக்கும்.

ஒரு கசப்பான வார்த்தை. குழந்தைக்குச் சேர்க்கறதுக்காக உங்க ஓய்வுக்காலப் பணத்தை நிறுத்தாதீங்க. படிப்புக்கு வங்கி கடன் கொடுக்கும். 60 வயசுல வாழறதுக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டாங்க. ஆரம்பத்துல சொன்ன சங்கிலி ஞாபகம் இருக்கா? பிள்ளைக்கு நீங்க கொடுக்கற பெரிய பரிசு, உங்களைப் பார்த்துக்க அவங்க பணம் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாம இருக்கறது.

பணத்தைவிட முன்னாடி கொடுக்க வேண்டியது

நம்ம அப்பா அம்மா காலத்துல ஸ்கூல்லயே சஞ்சயிகான்னு ஒரு சேமிப்புத் திட்டம் இருந்துச்சு. டீச்சர்கிட்ட ஒரு ரூபா, ரெண்டு ரூபா கொடுத்து நோட்டுல எழுதிக்குவாங்க. தொகை சின்னது, பழக்கம் பெருசு. இப்போ ரிசர்வ் வங்கி 2025-ல சொன்னபடி, 10 வயசு ஆன பிள்ளைங்க தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம், வங்கி வைக்கற வரம்புக்குள்ள. பொங்கலுக்கு, பிறந்தநாளுக்கு மாமா, அத்தை கொடுக்கற காசை அதுல அவங்க கையாலயே போடச் சொல்லுங்க. வருஷக் கடைசியில பாஸ்புக்கைத் திறந்து, "நீ போடாத இந்த 38 ரூபா எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேளுங்க. கூட்டு வட்டிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்த மாசம் செய்ய வேண்டியது

பே ஸ்லிப்பை எடுத்து பிஎஃப் விவரத்தைப் பாருங்க. கார்டு பாக்கி இருந்தா அதுக்கு ஒரு கெடு வையுங்க. அவசரப் பணத்துக்கு ஒரு ஆர்டி. அது ஓட ஆரம்பிச்சதும், சம்பளம் வந்த மறுநாள் தேதியில ஒரு எஸ்ஐபி, 500 ரூபாயா இருந்தாலும் பரவாயில்ல. மாசக் கடைசியில மிஞ்சினதைப் போடலாம்னு வெச்சா மிஞ்சவே மிஞ்சாது, அது உங்களுக்கே தெரியும்.

எந்தக் குறிப்பிட்ட ஃபண்டையும் நாங்க பரிந்துரைக்கல. உங்க நிலைமைக்கு ஆலோசனை வேணும்னா செபியில பதிவு பண்ண முதலீட்டு ஆலோசகரா பார்த்துப் போங்க. பதிவு எண்ணை செபி இணையதளத்துலயே சரிபார்க்கலாம்.

அடுத்த எபிசோடுல டெர்ம் இன்ஷூரன்ஸ், எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்னு பார்ப்போம். கேள்விகளை வழக்கம்போல அனுப்புங்க. அதுவரைக்கும், பார்த்துச் செலவு பண்ணுங்க மக்களே!